மாட்டின் குளம்பு மூட்டில் சீழ் கட்டுதலும் அதற்குரிய ரண சிகிச்சையும்

மாடு நொண்ட ஆரம்பித்தால் குடியானவர்களில் பெரும்பாலோர் முதலில் தடவிப் பார்ப்பது அதன் சப்பையைத்தான். சப்பை இறங்கிவிட்டது என்றும் நரம்பு பிசகிவிட்டது என்றும் சொல்லி எண்ணெய் தேய்த்து நீவுவதும், அதற்கும் கேளாவிட்டால் பழுக்கக் காய்ச்சிய இரும்பினால் சூடு போடுவதும் வழக்கமாக இருந்து வருகின்றன. உண்மையில் மாடு நொண்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் குளம்பிலேயே இருக்கிறது. அதிலும் கறவைப் பசுக்களில் பின்னங்காலின் வெளிப்பக்கக் குளம்பில் இருப்பதே அதிகம். காலைத் தூக்கிக் கழுவி, அடியைப் பார்த்தாலொழிய அது புலப்படாது. மேலே சூடு போட்டுக்கொண்டிருக்கும் நாட்களில் கீழே மூட்டு அழுகிக்கொண்டிருக்கும்.

குளம்பின் ஓட்டுக்குள் மறைந்திருக்கும் மூட்டில் சீழ் பிடிப்பதைப் பற்றியே இங்கு எழுதப்படுகிறது. இது மருந்தினால்மட்டும் தீரும் நோயன்று. கத்தியை எடுத்தே தீரவேண்டிய நோய். உரிய காலத்தில் எடுத்தால் பசு மீண்டும் எழுந்து நடந்து பால் கொடுக்கும். பதினைந்து நாள், ஒரு மாதம் என்று தள்ளிப்போட்டால், ஒரே பசுவை நம்பியிருக்கும் குடும்பம் அதை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாகும்.

குளம்பின் அமைப்பு

மாட்டின் ஒவ்வொரு பாதமும் இரண்டாகப் பிளந்தது. ஒவ்வொரு பிளவும் ஒரு விரல். ஒவ்வொரு விரலிலும் மூன்று எலும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்திருக்கின்றன. மேல் எலும்பு தோலுக்குள் இருக்கிறது. கடைசி எலும்பாகிய குளம்பெலும்போ கொம்பு போன்ற ஓட்டுக்குள் முற்றிலும் அடங்கியிருக்கிறது. நடு எலும்பும் குளம்பெலும்பும் கூடுமிடமே குளம்பு மூட்டு. அதன் பின்புறத்தில் படகின் வடிவான ஒரு சிறு எலும்பு உண்டு. விரலை மடக்கும் கனத்த தசைநாண் அப் படகெலும்பின்மேல் வழுக்கிச் சென்று குளம்பெலும்பின் பின்னடியைப் பற்றியிருக்கிறது. மூட்டு, படகெலும்பு, தசைநாண், அதன் உறை ஆகிய யாவும் மிகச் சிறிய இடத்துக்குள் நெருங்கி அமைந்திருப்பதால், ஒன்றில் சீழ் புகுந்தால் மற்றவற்றிற்குப் பரவுவது எளிது.

இவ்வமைப்பில் ஓர் அனுகூலமும் உண்டு. குதிரைக்குக் காலுக்கு ஒரே விரல். அது கெட்டால் கால் போயிற்று. மாட்டிற்கோ ஒரு விரல் கெட்டாலும் மற்றொன்று தாங்கி நிற்கிறது. கீழே சொல்லப்படும் சிகிச்சைகள் யாவும் இந்த ஓர் உண்மையைப் பற்றிக்கொண்டே செய்யப்படுகின்றன. ஆனால் சீழ் மேலேறிக் கணு மூட்டை எட்டிவிட்டால் இந்த அனுகூலம் போய்விடும். ஏனெனில் கணு மூட்டு இரு விரல்களுக்கும் பொதுவானது.

நோய் புகும் வழி

இளங்கன்றுகளுக்குத் தொப்புட்கொடியின் வழியாகக் கிருமிகள் இரத்தத்திற் கலந்து மூட்டுகளில் தங்குவதுண்டு. அது வேறு விஷயம். வளர்ந்த மாடுகளில் குளம்பு மூட்டுக்குள் சீழ் தானாகத் தோன்றுவது அரிது. வெளியிலிருந்து ஒரு வழி கிடைத்தே அது உட்செல்லுகிறது.

கறவைப் பசுக்களில் அவ்வழி பெரும்பாலும் அடிக்குளம்பிலுண்டாகும் புண்ணாகும். அடிக்குளம்பும் குதியும் கூடுமிடத்தில், உட்பக்கமாக, மடக்கு தசைநாண் எலும்பைப் பற்றியிருக்கும் இடத்துக்கு நேர்கீழே இப்புண் தோன்றும். சிமிட்டித் தரையிலேயே நாள் முழுதும் நிறுத்திவைத்தல், குளம்பை வருஷக்கணக்காய்ச் செதுக்காமல் நீள விட்டுவிடுதல், கலப்பினப் பசுக்களுக்கு அடர்தீவனத்தைத் திடீரென்று ஏற்றுதல் ஆகியவை இதற்குக் காரணங்கள். பொங்கலன்றும், கல்யாண வீட்டில் மிஞ்சியபோதும், அன்பின் மிகுதியால் தவலை நிறையச் சோற்றை மாட்டின்முன் வைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். வயிற்றில் புளிப்பு மிகுந்தால் அதன் வேகம் குளம்பினுள்ளிருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் தாக்குவதுண்டு. அன்று பிழைத்துக்கொண்ட மாட்டிற்கு அடிக்குளம்பில் கோளாறு வெளியே தெரிய இரண்டு மூன்று மாதம் செல்லும். அதற்குள் சோறு வைத்த ஞாபகமே நமக்குப் போய்விடும்.

உழவு மாடுகளிலும் வண்டி மாடுகளிலும் ஆணி, முள், கூர்ங்கல் ஆகியவை தைப்பதே முக்கிய வழி. லாடம் அடிக்கும்பொழுது ஆணி ஓட்டைத் தாண்டி உட்சதையில் இறங்கிவிடுவதும் உண்டு. மாடு அன்றே நொண்டினால் லாடம் அடித்தவரை உடனே அழைத்து ஆணியைப் பிடுங்கச் செய்து, துவாரத்தில் டிங்சர் அயோடின் விடவேண்டும். புது லாடத்துக்கு மாடு பழகவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வது பெரும் பிசகு.

மழைக்காலத்தில் சேற்றிலும் சாணத்திலும் நின்று குளம்பிடைத் தோல் ஊறி வெடிக்கும்பொழுது, பியூசோபாக்டீரியம் நெக்ரோபோரம் என்னும் கிருமி புகுந்து குளம்பழுகல் உண்டாகிறது. கோமாரி கண்ட மாடுகளின் குளம்பிடைக் கொப்புளங்கள் உடைந்து, ஈ மொய்த்துப் புழு வைப்பதும் ஒரு வழி. 2019 முதல் நாடெங்கும் நடைபெற்று வரும் கோமாரித் தடுப்பூசித் திட்டத்தில் மாடுகளுக்கும் எருமைகளுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி போடப்படுகிறது. அந்த ஊசியைத் தவறவிடாதவர்கள் குளம்பையும் சேர்த்தே காப்பாற்றிக்கொள்கிறார்கள்.

குறிகள்

மூட்டில் சீழ் புகுந்த மாட்டின் நொண்டல் சாதாரண நொண்டலைப் போன்றதன்று. குளம்பின் நுனியைமட்டும் தரையில் தொட்டுக்கொண்டு, அல்லது காலை முற்றிலும் தூக்கிக்கொண்டு நிற்கும். பெரும்பாலும் படுத்தே கிடக்கும். தீனி குறையும், பால் திடீரென்று இறங்கும், சில நாட்களிலேயே விலா எலும்பு தெரியும்.

இதைக் குளம்பழுகலினின்றும் பிரித்தறிவது மிகவும் முக்கியம். குளம்பழுகலில் வீக்கம் இரு விரல்களிலும் ஏறக்குறையச் சமமாக இருக்கும். குளம்புகள் இரண்டும் விலகி நிற்கும். நடுவே துர்நாற்றம் வீசும். வைத்தியர் தக்க ஊசி மருந்து போட்டால் மூன்று நான்கு நாட்களில் வீக்கம் வற்றி மாடு காலை ஊன்றத் தொடங்கும். மூட்டில் சீழ் கட்டினாலோ வீக்கம் ஒரு விரலின் பக்கத்தில்மட்டுமே இருக்கும். ஓட்டுக்கும் தோலுக்கும் இடையிலுள்ள விளிம்பு சிவந்து புடைத்து, குதி உருண்டு திரளும். பின்னர் விளிம்பிலோ குளம்பிடையிலோ ஒரு சிறு துவாரம் உண்டாகிச் சீழ் கசியும். அவ்விரலின் நுனி மேல்நோக்கி எழும்பி நின்றால், மடக்கு தசைநாண் அரிக்கப்பட்டு அறுந்துபோயிற்று என்று கொள்ளலாம்.

ஆகவே குடியானவர் மனத்திற் கொள்ளவேண்டிய கணக்கு இதுதான்: ஒரு பக்க வீக்கமுள்ள கால், முறையான ஊசி மருந்துக்குப் பின் நான்காம் நாளும் குணம் காட்டாவிட்டால், ஐந்தாம் நாள் அதே மருந்தைத் தொடரும்படி கேட்கலாகாது, மூட்டைப் பரிசோதிக்கும்படி கேட்கவேண்டும். வைத்தியர் சுத்தம் செய்த சலாகையைப் புண்ணின் துவாரத்தில் செலுத்தி அது எலும்பைத் தொடுகிறதா என்று பார்ப்பார். ஊசியால் மூட்டு நீரை எடுத்து அது தெளிவா கலங்கலா என்று சோதிப்பார். எக்ஸ்-ரே படம் பெரிதும் துணை செய்யும். ஆயினும் முதல் ஒன்றிரண்டு வாரங்களில் எலும்பின் அரிப்பு படத்தில் தெளிவாக விழாமலிருக்கலாம். படம் நன்றாயிருக்கிறது என்று அப்போது திருப்தியடைந்து வீடு திரும்பக்கூடாது.

மருந்துமட்டும் ஏன் போதாது?

மூட்டின் இரு முனைகளையும் மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. ஊசியில் ஏற்றும் மருந்து இரத்தத்தின் வழியாகவே செல்வதால், சீழும் செத்த திசுக்களும் நிறைந்த அவ்விடத்துக்கு அது போதிய அளவு சென்று சேருவதில்லை. சென்றாலும் செத்த எலும்பையும் அழுகிய தசைநாணையும் உயிர்ப்பிக்க எம்மருந்தாலும் ஆகாது. அவை உள்ளே இருக்குமளவும் கிருமிகளுக்கு உறைவிடம் உண்டு. ஊசி போட்ட நாளில் சற்றுத் தணிவதும், நிறுத்திய நாளில் மீண்டும் பொங்குவதுமாகக் காலம் கழியும். பெனிசிலினை அலெக்ஸாண்டர் பிளெமிங் 1928-ல் கண்டறிந்த பிறகு எத்தனையோ நோய்களில் கத்திக்கு வேலை குறைந்தது, இந்நோயில்மட்டும் குறையவில்லை. கெட்டதை அகற்றிச் சீழுக்கு வழிவிட வேண்டும். மருந்து அதற்குத் துணையாக நிற்கும்.

வலி தெரியாமற் செய்தல்

மாட்டை மெல்லிய மணல் அல்லது வைக்கோல்மீது கயிறிட்டு வீழ்த்தியோ, மரச்சட்டத்தில் பிணைத்து நிறுத்தியோ சிகிச்சை செய்யலாம். வீழ்த்துவதானால் வைத்தியர் சொல்லும் கணக்குப்படி முதல் நாளே தீனியை நிறுத்தவேண்டும். நிறைந்த வயிற்றுடன் படுக்கும் மாடு உப்பசத்தால் மூச்சுத் திணறக்கூடும். அடங்காத மாட்டிற்கு ஸைலசின் என்னும் மயக்க மருந்து கொடுப்பதுண்டு. மாட்டினம் அம்மருந்துக்கு மிகவும் இளகியது. குதிரைக்குக் கொடுக்கும் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்கே போதுமானது. பசு சினையாயிருந்தால் அதை முன்னதாகவே வைத்தியரிடம் சொல்லவேண்டும்.

காலை மரக்கச் செய்ய இப்பொழுது கையாளப்படும் முறை மிகவும் எளியது. 1908-ல் ஜெர்மானிய ரண வைத்தியர் ஆகஸ்ட் பியர் மனிதருக்குக் கையாண்ட முறையே இது. பின்னங்காலானால் மடிப்பு மூட்டுக்குக் கீழும், முன்னங்காலானால் முழங்காலுக்குக் கீழும் ரப்பர் குழாயால் இறுகக் கட்டுவார்கள். கட்டுக்குக் கீழே புடைத்து நிற்கும் இரத்த நாளத்தில் 2 சதவீத லிக்னோகெயின் கரைசலில் 20 முதல் 30 மில்லி லிட்டர் செலுத்துவார்கள். பத்து நிமிஷத்திற்குள் பாதம் முழுதும் மரத்துவிடும். கட்டு இருப்பதால் இரத்தமும் அதிகம் சிந்தாது. லிக்னோகெயின் 1943-ல் ஸ்வீடன் தேசத்தில் நில்ஸ் லோஃப்கிரென் என்பவரால் தயாரிக்கப்பட்டது. கட்டை ஒரு மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கலாகாது. நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலியோடு அறுத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதற்குச் சிறிதும் அவசியமில்லை.

விரலை எடுத்துவிடுதல்

கெட்டுப்போன விரலை அடியோடு எடுத்துவிடுவது பழைய முறை, விரைவில் முடிவது, செலவும் குறைவு. கால் முழுதும் மயிர் சிரைத்துக் கழுவிச் சுத்தம் செய்யப்பட்டபின், குளம்பிடையில் கத்தியால் கீறி, அங்கே கம்பி ரம்பத்தை நுழைப்பார்கள். முறுக்கிய கம்பியாலான இந்த ரம்பத்தின் இரு முனைகளையும் பிடித்து மாறிமாறி இழுக்க, அது மேல்நோக்கிச் சாய்வாக அறுத்துக்கொண்டு, விளிம்புக்கு மேலே வெளிப்பக்கமாக வந்துவிடும். மேல் எலும்பின் கீழ்ப்பாகத்தில் அறுபடுவதே நல்லது. மூட்டோடு கழற்றி எடுத்தால் எஞ்சிய எலும்பின் முனையில் குருத்தெலும்பு தங்கிவிடும். அதன்மேல் புதுச்சதை வளராது. ஆகவே அதையும் சுரண்டி எடுக்கவேண்டும். அழுகிய தசைநாணும் குளம்பிடைக் கொழுப்பும் நீக்கப்பட்டு, மருந்திட்ட துணி வைத்து நன்றாக அழுத்திக் கட்டுப் போட்ட பின்னரே ரப்பர் குழாயை அவிழ்ப்பார்கள்.

நோயின் வேர் நீங்கிவிடுவதால், எழுந்திருக்க மறுத்த மாடு சில நாட்களிலேயே எழுந்து தீனிக்குத் தலைநீட்டுவதைக் காணலாம். புண் சில வாரங்களில் சதை வளர்ந்து மூடும்.

குறை ஒன்று உண்டு. அதை மறைப்பது முறையன்று. இரண்டு விரல் சுமந்த பாரத்தை இனி ஒன்றே சுமக்கவேண்டும். கனத்த பசுவிலும் பொலி காளையிலும் அந்த ஒற்றை விரல் நாளடைவில் தேய்ந்து, நெரிந்து, தானும் நோய்ப்படலாம். கரட்டுப் பூமியிலும் மேட்டுப்பாங்கிலும் மேயவேண்டிய மாட்டிற்கும் இது பொருந்தாது. மற்ற விரலில் முன்பே புண் இருந்தால் இச்சிகிச்சையை நினைக்கவே கூடாது.

மூட்டை இறுகச் செய்தல்

இரண்டாவது முறையில் விரல் காப்பாற்றப்படுகிறது, மூட்டுமட்டும் பலியிடப்படுகிறது. அடிப்புண்ணின் வழியாகவோ குதியின் வழியாகவோ உட்சென்று, அழுகிய தசைநாணின் முனையையும் படகெலும்பையும் எடுத்துவிட்டு, மூட்டின் இரு பக்கத்துக் குருத்தெலும்பையும் துரப்பணத்தாலும் சுரண்டியாலும் முற்றிலும் நீக்கிவிடுவார்கள். நல்ல எலும்பு தெரியுமளவும் சுரண்டி, சுத்தமான உப்புநீரால் பலமுறை கழுவுவார்கள். குருத்தெலும்பு நீங்கிய இரு எலும்புகளும், அசையாமல் வைக்கப்பட்டால், மெல்ல ஒன்றோடொன்று வளர்ந்து ஒரே எலும்பாகிவிடும். மூட்டு மடங்காது, வலியும் இராது.

அசையாமல் வைப்பதற்குத்தான் மரக்கட்டை. சுமார் ஓர் அங்குலக் கனமுள்ள கட்டையை, செதுக்கிச் சமன் செய்த நல்ல விரலின் அடியில் பிசினால் ஒட்டிவிடுவார்கள். கட்டை உயரத்தால் நோயுற்ற விரல் தரையில் படாமல் தொங்கும். அதன் நுனியைக் கட்டையோடு கம்பியால் பிணைப்பதும் உண்டு. ஆறு முதல் எட்டு வாரம் கட்டை இருக்கவேண்டும். எலும்பு முற்றும் இறுக அதற்கும் மேலாகச் சில மாதங்கள் செல்லும். அதுவரை அடிக்கடி கட்டு மாற்றுதல், புண்ணைக் கழுவுதல், மாட்டை ஓரிடத்தில் அமைதியாய் வைத்திருத்தல் ஆகியவற்றில் வீட்டார் சலிக்கக்கூடாது. சலிப்பவர்களுக்கு இம்முறை பயன்படாது.

எதைத் தேர்ந்தெடுப்பது?

இக்கேள்விக்கு மாட்டையும் வீட்டையும் சேர்த்துப் பார்த்தே பதில் சொல்லவேண்டும். இன்னும் ஓர் ஈற்றுப் பாலைக் கறந்துகொண்டு பிறகு மாற்றிவிடலாம் என்றிருக்கும் நடுத்தர எடையுள்ள பசுவிற்கு விரலை எடுத்துவிடுதல் போதும். இளம் பசு, நல்ல கறவை, இன்னும் பல ஈற்று காணக்கூடியது என்றால் மூட்டை இறுகச் செய்வதில் செலவிடும் பணமும் உழைப்பும் வீண்போகா. பொலி காளைக்கும் அவ்வாறே.

உழவு எருதின் விஷயம் சற்றுக் கடினமானது. ஜோடியில் ஒன்று கால் இழந்தால் மற்றதன் விலையும் போயிற்று என்பதை ஏர் பிடித்தவர்கள் அறிவார்கள். காங்கேயம் எருது போன்ற கனத்த பாரமாட்டிற்கு ஒற்றை விரலில் நின்று வண்டி இழுக்கும் வல்லமை இராது. ஆகையால் இவற்றில் மூட்டை இறுகச் செய்வதையே முதலில் முயலவேண்டும் என்பது எமது அபிப்பிராயம். அதற்கும் பிறகு நெடும்பயணத்தையும் தார் ரஸ்தாவையும் தவிர்த்து, இலகுவான வேலைக்கே பூட்டவேண்டும்.

கணு மூட்டு வரை சீழ் ஏறிவிட்டதும், நாட்கணக்கில் எழுந்திராமல் படுக்கைப் புண் கண்டதுமான மாட்டில் எச்சிகிச்சையும் பலிப்பது அரிது. அத்தகைய பிராணியை வீண் வேதனைக்கு உள்ளாக்கலாமா என்பதை வைத்தியரோடு மனம்விட்டுப் பேசித் தீர்மானிப்பதே நேர்மை.

விரல் எடுத்தலைத் தேர்ந்த வைத்தியர் தொழுவத்திலேயே செய்துவிடலாம். எக்ஸ்-ரே படமும் துரப்பணமும் வேண்டிய மூட்டுச் சிகிச்சைக்குப் பெரிய வைத்தியசாலையை நாடவேண்டும். 1903-ல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பின்னர் வேப்பேரிக்கு மாறிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், நாமக்கல் கல்லூரியிலும் இதற்குரிய வைத்தியசாலைகள் உள்ளன. மாட்டை வண்டியில் ஏற்றுமுன் அடியில் வைக்கோலைக் கனமாகப் பரப்புவதை மறக்கக்கூடாது.

பிந்திய பராமரிப்பு

சிகிச்சையில் பாதி வைத்தியர் கையில், மறுபாதி தொழுவத்தில். தரை உலர்ந்திருக்கவேண்டும், தினம் வைக்கோல் மாற்றவேண்டும். கட்டு நனைந்தால் புண் கெடும். ஆகவே மேலே சாக்குத்துணி சுற்றி, மழைநாளில் நீர் புகாத உறையும் கட்டவேண்டும். முதல் நாள் கட்டில் சிறிது இரத்தம் ஊறித் தெரிவது இயல்பு. சொட்டுச் சொட்டாக ஓயாமல் விழுந்தால் உடனே வைத்தியரை அழைக்கவேண்டும். முதற்கட்டை இரண்டு மூன்று நாளில் மாற்றுவார்கள். ஈ அணுகாமலிருக்கக் கட்டின் ஓரத்தில் வேப்பெண்ணெய் தடவலாம். மண்ணெண்ணெய், பினாயில், சுண்ணாம்பும் புகையிலையும் கலந்த சாந்து ஆகியவற்றைப் புண்ணில் இடுவது புதுச்சதையைச் சுட்டுவிடும்.

கிருமிக்கொல்லி மருந்து நடக்கும் நாட்களிலும், நிறுத்தியபின் வைத்தியர் குறிப்பிடும் நாட்கள் வரையிலும், அந்தப் பாலைச் சங்கத்துக்கு ஊற்றலாகாது. வீட்டுக் குழந்தைகளுக்கும் கொடுக்கலாகாது. வலிக்கு மெலாக்ஸிகாம் ஊசி போடும்படி கேட்கவேண்டும். டைக்ளோபினாக் மருந்தைக் கால்நடைகளுக்குத் தருவது 2006-ல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அம்மருந்து செலுத்தப்பட்டு இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்ததே காரணம். அசெக்ளோபினாக், கீட்டோபுரோபென் என்பவையும் 2023-ல் தடுக்கப்பட்டன. நீலகிரி மலையடியில் எஞ்சியிருக்கும் கழுகுகளுக்காகவேனும் கடையில் கிடைத்த மனித மருந்தை மாட்டிற்குப் போடாமலிருக்கவேண்டும்.

ஒட்டிய கட்டை தானாக விழுந்துவிட்டால், விழுந்த அன்றே வைத்தியருக்குச் சொல்லி வேறு ஒட்டச் செய்யவேண்டும். எட்டு வாரம் கழிந்தும் விழாவிட்டால், அப்படியே விடாமல் எடுத்துவிடவேண்டும். நாட்பட்ட கட்டை நல்ல விரலின் குதியை அழுத்திப் புதுப் புண்ணை உண்டாக்கும். ஒரு விரலோடு நடக்கும் மாட்டிற்கு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை எஞ்சிய குளம்பைப் பார்த்துச் செதுக்கிவரவேண்டும். அதில் லாடம் அடிக்கலாகாது.